பள்ளிச் சங்கத் தேர்தல்: நடத்துபவருக்கு ஊதியம் தரலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காரைக்குடிக்கு அருகில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றை நடத்திவரும் சங்கத்தில் நான் உறுப்பினன். சுமார் 300 உறுப்பினர்களில் பாதிப்பேர் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். வரும் நிர்வாகக் குழுத் தேர்தலை நடத்த வெளியாள் ஒருவரை நியமித்து 25,000 ரூபாய் மதிப்பூதியம் தரலாம் என்று செயலாளர் சொல்கிறார். “பள்ளிக்குச் செய்கிற தருமத்துக்குக் கூலியா?” என்று மூத்தவர்கள் மறுக்கிறார்கள். எது முறை ஐயா?
– வாசகர், கண்டனூர்

பதில்: தரலாம், தருவதுதான் நல்லது. மூத்தவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. கொண்டுவிற்கப் போன ஊரில் ஈட்டியதில் ஒரு பங்கை எழுதிவைத்துப் பள்ளிக்கு நிலமும் கட்டடமும் கொடுத்த தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். ஆயினும் பள்ளிக்குச் செய்யும் தொண்டு வேறு. அந்தப் பள்ளியை யார் நிர்வகிப்பது என்று போட்டியிடும் இரு தரப்புக்கும் நடுவில் நின்று கணக்குச் சொல்லும் வேலை வேறு. உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்து, அறிவிப்பு அனுப்பி, வேட்புமனுக்களைப் பெற்றுப் பரிசீலித்து, வாக்குச்சீட்டு அச்சிட்டு, வாக்குப்பதிவு நடத்தி, எண்ணி, கையொப்பமிட்ட அறிக்கை தருவது வரை அவருக்குப் பல வாரங்கள் பிடிக்கும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நம் பகுதிப் பள்ளிச் சங்கம் ஒன்றின் தேர்தலை நடத்தித் தரும்படி என்னை அழைத்தார்கள். ஊதியம் பற்றி அவர்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. உறுப்பினர் பதிவேட்டைத் திறந்தால், ஒரே பக்கத்தில் நான்கு பெயர்களுக்கு நேரே பென்சிலால் ‘காலமானார்’ என்று எழுதியிருந்தது. அவற்றில் ஒன்றை மட்டும் யாரோ அழித்திருந்தார்கள். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து, மறுபக்கத்து மை தெரிந்தது. அந்த ஒரு பெயருக்காக நான் மூன்று நாள் அலைந்தேன். வாக்கு எண்ணி முடித்த இரவில் வென்ற தரப்பினர் எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஓர் உறையைக் கையில் வைத்தார்கள். உறையை மேசைமேலேயே விட்டுவிட்டு வந்தேன். ஆனால் பொன்னாடை போர்த்தியதைத் தோற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியைத் திறந்தபோது உடனிருந்து ஒவ்வொரு சீட்டையும் பார்த்தவர்களே, மறுநாள் அந்த எண்ணிக்கையை ஏற்க மறுத்து நீதிமன்றம் சென்றார்கள். முன்கூட்டியே சங்கம் ஒரு தொகையை நிர்ணயித்துத் தீர்மானத்தில் எழுதியிருந்தால், அந்த உறைக்கு இடமே இருந்திருக்காது.

ஆகவே, யார் வென்றாலும் மாறாத ஒரு தொகையை, பட்டியல் வேலை தொடங்கும் முன்பே தீர்மானித்துக் கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதுங்கள். அச்சு, அஞ்சல், உதவியாளர் படி ஆகியவற்றை ஊதியத்தோடு சேர்க்காமல் தனிச் செலவாகக் காட்டுங்கள். பாதியை நியமனத்தின்போதும், மீதியை அறிக்கையும் முத்திரையிட்ட வாக்குச்சீட்டுக் கட்டுகளும் சங்கத்தில் ஒப்படைக்கப்பட்ட பிறகும் கொடுப்பதே நான் பரிந்துரைக்கும் முறை. தோற்றவர்கள் முடிவை ஏற்கட்டும் என்று மீதியை நிறுத்திவைக்காதீர்கள். பணம் சங்கத்தின் சொந்த நிதியிலிருந்தே போக வேண்டும். அரசு மானியத்திலும் மாணவர் கட்டணத்திலும் கை வைக்கக் கூடாது. ரொக்கமாகத் தராமல் காசோலையாகத் தந்தால், வரவு செலவுக் கணக்கில் அந்தச் செலவு தன் பெயரோடு நிற்கும்.

கேள்வி: தேர்தல் அலுவலரை நியமிப்பது யார்? தற்போதைய தாளாளரும் செயலாளரும் மீண்டும் போட்டியிடப் போகிறார்கள். ஆக்லாந்தில் இருக்கும் என் மகள், அங்கே பள்ளி வாரியமே ஆள் நியமித்துச் சம்பளமும் கொடுக்கிறது என்கிறாள்.
– வாசகி, தேவகோட்டை

பதில்: தங்கள் மகள் சொல்வது சரி. நியூசிலாந்தில் 1989 முதல் அரசுப் பள்ளிகளைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் வாரியங்களே நிர்வகிக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அத்தேர்தலுக்கு வாரியம் ஒரு தேர்தல் அலுவலரை நியமிக்கிறது. ஆனால் அங்கே அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அரசு விதிகள் வரையறுத்திருக்கின்றன. இங்கே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்று வரம்பிடுகிறது. தேர்தலை நடத்தும் முறைக்குத் தங்கள் சங்கத்தின் துணை விதிகளைத்தான் பார்க்க வேண்டும்.

துணை விதிகளில் நியமன அதிகாரம் நிர்வாகக் குழுவிடம் இருந்தாலும், போட்டியிடுபவர்களே தமக்கு நடுவரைத் தேர்ந்துகொண்டார்கள் என்ற பேச்சுக்கு இடம் தராதீர்கள். எதிர்த்தரப்பிடமும் பெயர்களைக் கேட்டு, இருவரும் ஒப்பும் ஒருவரைப் பொதுக்குழுவில் முன்வைத்து, பெயரையும் தொகையையும் ஒரே தீர்மானத்தில் நிறைவேற்றுங்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வழக்கறிஞர், தணிக்கையாளர் ஆகியோரில் யாரும் பொருந்துவர். சங்க உறுப்பினராகவோ, வேட்பாளரின் உறவினராகவோ, பள்ளியோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவராகவோ இருக்கக் கூடாது. நம் ஊர்களில் உறவில்லாதவரைக் கண்டுபிடிப்பது அரிதுதான். அதனால் திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ அழைத்துவந்து பயணச் செலவும் கொடுப்பது வீண் செலவாகாது.

பூசல் முற்றி வழக்கான சங்கங்களுக்கு, ஓய்வுபெற்ற நீதிபதியையோ வழக்கறிஞரையோ தேர்தல் நடத்த நியமித்து, அவருக்குச் சங்கம் தர வேண்டிய தொகையையும் சென்னை உயர் நீதிமன்றமே நிர்ணயித்த நிகழ்வுகள் பல உண்டு. நாமே காலத்தில் செய்யாததை நீதிமன்றம் செய்யும்போது, தொகையைச் சொல்லும் உரிமை நம்மிடம் இராது. தேர்தலுக்குப் பின் புதிய குழுவின் விவரத்தைப் படிவம் 7 வழியாக மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இரு தரப்பும் தனித்தனிப் பட்டியல் கொடுத்தால், யார் வென்றார் என்பதை அவர் முடிவாகத் தீர்க்க இயலாது. அதற்கு உரிமையியல் நீதிமன்றமே இடம்.

கேள்வி: பள்ளிச் சங்கத்தில் உறுப்பினராக இருந்த என் தந்தையார் காலமாகிவிட்டார். எங்கள் கோயிலில் நான் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கில், இருக்கிறேன். சங்கத் தேர்தலில் நான் வாக்களிக்கலாமா? வெளிநாட்டிலிருக்கும் என் சகோதரர் அங்கிருந்தே வாக்களிக்க முடியுமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: திருமணமானதும் கோயில் கணக்கில் தனிப் புள்ளியாவது நகரத்தார் மரபு. பதிவுபெற்ற சங்கத்தின் உறுப்பினர் உரிமை அப்படி வராது. பதிவேட்டில் தங்கள் பெயர் இருந்தால்தான் வாக்கு. வாரிசுக்கு இடம் தரும் துணை விதி இருந்தாலும், விண்ணப்பித்துச் சந்தா செலுத்தி, தீர்மானத்தின் வழியாகவே சேர வேண்டும். தேர்தல் அலுவலர் பட்டியலை மூடிய பிறகு சேர்க்கக் கேட்டால் அவர் மறுப்பது நியாயமே. தாங்கள் இப்போதே விண்ணப்பித்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருக்கும் தங்கள் சகோதரர் தபாலிலோ பதிலாள் மூலமோ வாக்களிப்பதும் துணை விதி அனுமதித்தால் மட்டுமே செல்லும்.