மன்கட் என்ற குடும்பப்பெயர்: கேள்வி பதில்

2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் அஸ்வின் ஜாஸ் பட்லரை ரன் அவுட் ஆக்கிய நாளிலிருந்து ‘மன்கட்’ என்றால் நம்மூரில் ஒரு வகை அவுட்: பந்து போடும் முன்பே கிரீஸை விட்டு நகர்ந்த எதிர்முனை ஆட்டக்காரரைப் பந்து வீசுபவரே ரன் அவுட் ஆக்குவது. 1947-இல் அப்படிச் செய்த இந்திய டெஸ்ட் வீரர் வினூ மன்கட்டின் பெயர் அது. ஆனால் மன்கட் என்பது குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியைச் சேர்ந்த, அங்கேயே அதிகம் கேள்விப்படாத ஒரு குடும்பப்பெயர். அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

பவுண்டரிலைன்: வினூ மன்கட்டின் ஸ்கோர்கார்டில் எம்.எச். மன்கட் என்று இருக்கிறது. வினூ எங்கே போனது? மன்கட் அப்பா பெயரா, ஊர்ப் பெயரா?

இரண்டும் இல்லை. அவருடைய முழுப்பெயர் மூல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட். முதலில் வருவது சொந்தப் பெயர், நடுவில் வருவது அப்பா பெயர், கடைசியில் வருவது குடும்பப்பெயர். குஜராத்தியில் குடும்பப்பெயருக்கு ‘அடக்’ என்று பெயர். வினூ என்பது செல்லப்பெயர். நம் இனிஷியல் முறைப்படி முதல் எழுத்தை அப்பா பெயராக எடுத்துக்கொண்டால் குழப்பம்தான். அங்கே இரண்டாவது எழுத்துதான் அப்பா.

அவர் மகன் அசோக் மன்கட்டும் டெஸ்ட் ஆடியவர். அவர் பெயர் ஸ்கோர்கார்டில் ஏ.எம். என்று வரவில்லை, ஏ.வி. மன்கட் என்றே வந்தது. அப்பாவின் செல்லப்பெயரே நடுப்பெயராகிவிட்டது. ஆக, நடுப்பெயரை வைத்து வம்சம் தேடுகிறவர்கள் அது ஏட்டுப் பெயர்தானா, செல்லப்பெயரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பழையஏடு: இந்தப் பெயர் எந்தச் சமூகத்தில் வருகிறது? மூலம் எது?

பெரும்பாலும் நாகர் பிராமணர்களில், அதிலும் வட்நகரா நாகர் என்ற பிரிவில். வட்நகர் வடகுஜராத்தில் மெஹ்சாணா மாவட்டத்து ஊர். அதன் பழைய பெயர் ஆனந்தபுரம். வலபியை ஆண்ட மைத்திரகர்களின் செப்பேடுகளில் ஆனந்தபுரத்திலிருந்து வந்த பிராமணர்களுக்கு நிலம் கொடுத்த செய்தி உண்டு. சோலங்கி மன்னன் குமாரபாலன் அந்த ஊருக்கு மதில் கட்டியதைச் சொல்லும் 1152-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இருக்கிறது. குலதெய்வம் ஹாட்கேஷ்வர் மகாதேவ். இன்றைக்கும் நாகர்கள் இருக்கிற ஊரில் ஒரு ஹாட்கேஷ்வர் கோயில் இருக்கும். சைத்ர மாதம் சுக்ல சதுர்தசியன்று விழா.

நாகர்களுக்குள்ளேயே வட்நகரா, வீஸ்நகரா, சாட்டோதரா, பிரஷ்னோரா, சித்ரோடா என்று ஊரை ஒட்டிய கிளைகள். அவற்றில் பலவற்றில் கிருகஸ்தர், பிக்ஷுகர் என்று இன்னொரு பிளவு. முதல் வகையினர் அரசு உத்தியோகம் பார்த்தவர்கள், இரண்டாம் வகையினர் புரோகிதம் செய்தவர்கள். உத்தியோகம் பார்த்தவர்கள் பாரசீகம் படித்தார்கள், திவான்கள் ஆனார்கள். ஜுனாகட் திவான் அமர்ஜி ஒரு நாகர். அவர் மகன் ரண்சோட்ஜி சோரட் நாட்டு வரலாற்றைப் பாரசீகத்தில்தான் எழுதினார். முன்ஷி, பக்ஷி, மஜ்முதார் போன்ற பாரசீகப் பதவிப் பெயர்கள் பிராமணக் குடும்பங்களின் அடக் ஆனது இந்த வழியில்தான்.

சும்மாகேட்டேன்: ‘மன்கட்’ என்றால் மூட்டைப்பூச்சி என்று ஒரு குஜராத்தி நண்பர் சொன்னார். கிண்டல் செய்கிறாரா?

கிண்டல் இல்லை, உண்மை. இன்றைய குஜராத்தியில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். நெருங்கிய ஒலியுள்ள ‘மாங்கடு’ என்பது குரங்கு. மராத்தியில் ‘மாகட்’ என்றாலும் குரங்குதான்.

இதை வைத்து யாரோ ஒரு முன்னோரைப் பூச்சி கடித்தது என்று கதை கட்டுவார்கள். அந்தக் கதைகளுக்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. ஆனால் பட்டப்பெயர் அப்படியே குடும்பப்பெயராக உறைந்துபோவது நாகர்களிடம் சகஜம் என்பதற்கு அக்கம்பக்கத்துப் பெயர்களே சாட்சி: ஹாத்தி (யானை), கோடா (குதிரை), மச்சர் (கொசு), பூச் (பாட்டிலை அடைக்கும் தக்கை). மருந்துத் தொழில் பற்றிய 1975 அறிக்கையால் அறியப்படும் ஹாத்தி கமிட்டியின் தலைவர் ஜெய்சுக்லால் ஹாத்தி. அந்தப் பெயரும் இதே ரகம். தங்களையே கேலி செய்துகொள்வதில் நாகர்கள் பேர்போனவர்கள். மாற்ற நினைத்திருந்தால் எப்போதோ மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

மற்றபடி குஜராத்திப் பெயர்களின் வால் பெரும்பாலும் தானே பேசும். ‘இயா’ என்று முடிந்தால் பலசமயம் ஊர்: தோல்காவிலிருந்து தோலகியா, கச்சின் அஞ்சாரிலிருந்து அஞ்சாரியா. ‘ஆணி’ என்றால் ஒரு முன்னோரின் வழிவந்தவர்கள். ‘வாலா’ என்றால் பண்டமோ தொழிலோ ஊரோ. நாணாவட்டி காசு மாற்றுபவர், பாரேக் நாணயமும் நகையும் மாற்றுப் பார்ப்பவர். மன்கட்டில் அப்படி எந்த வாலும் இல்லை. ஆகவே ஊர், தொழில் இரண்டையும் விட்டுவிட்டுப் பட்டப்பெயர்ப் பக்கம் போவதுதான் நியாயம்.

கணக்குப்பிள்ளை: மொத்தம் எத்தனை மன்கட்கள் இருப்பார்கள்? ஒரு தளத்தில் ஓர் எண் பார்த்தேன், நம்பலாமா?

நம்ப வேண்டாம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பப்பெயர் வாரியாக எதையும் வெளியிடுவதில்லை. அந்தத் தளங்கள் கையில் கிடைத்த தொலைபேசிப் புத்தகத்தையோ வாக்காளர் பட்டியலின் ஒரு பகுதியையோ எண்ணி, மொத்த மக்கள்தொகைக்குப் பெருக்கிவிடுகின்றன. பட்டேல் மாதிரிப் பெயருக்கு அது ஓரளவு சரிவரும். அபூர்வப் பெயர் சில ஊர்களில் மட்டும் குவிந்திருக்கும். அந்த ஊர் மாதிரியில் விழுந்தால் எண் ஊதிப்போகும், விழாவிட்டால் பெயரே இல்லாமல் போகும்.

அமெரிக்கா ஒரு விதிவிலக்கு. அங்கே கணக்கெடுப்பில் 100 பேரோ அதற்கு மேலோ உள்ள குடும்பப்பெயர்களை எண்ணிக்கையோடு வெளியிட்டார்கள். 2010 பட்டியலில் 1,62,253 பெயர்கள். பட்டேல் 2,29,973 பேருடன் 95-ஆம் இடம். 2000-இல் 172-ஆம் இடம். அபூர்வப் பெயரைத் தேடுகிறவர் முதலில் அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் பெயர் இல்லையென்றால் அந்த நாட்டில் நூறு பேர்கூடத் தேறவில்லை என்று பொருள், அவ்வளவுதான்.

ஊர்சுற்றி: எந்த ஊர்களில் தேடுவது?

ஜாம்நகரில் தொடங்குங்கள். வினூ மன்கட் 1917-இல் பிறந்தது அங்கேதான். அப்போது அது நவாநகர் சமஸ்தானம். 1936–37-இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற நவாநகர் அணியில் அவரும் உண்டு. சௌராஷ்டிரா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான அறிஞர் டோலர்ராய் மன்கட்டும் ஜாம்நகர்ப் பக்கத்துக்காரர். அடுத்து ராஜ்கோட், ஜுனாகட், பாவ்நகர், புஜ். பழைய நகரத்துக்குள் ‘நாகர்வாடா’ என்ற தெரு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

நாகர்கள் கிராமத்தில் நிலத்தோடு கட்டுண்டவர்கள் அல்லர், தர்பார் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள். 1948-இல் இருநூற்றுக்கு மேற்பட்ட காத்தியவார் சமஸ்தானங்கள் ஒன்றாகிச் சௌராஷ்டிர மாநிலம் உருவானதும் அந்தத் தர்பார் வேலைகள் போயின. வங்கி, கல்லூரி, அரசு அலுவலகம் என்று ஆமதாபாத்துக்கும் பம்பாய்க்கும் நகர்ந்தார்கள். ‘என் தாத்தா பம்பாய்க்காரர்’ என்று ஒரு மன்கட் சொன்னால் அதோடு நிறுத்தாதீர்கள். ‘வதன் எது’ என்று கேளுங்கள். பூர்வீக ஊருக்கு அங்கே அதுதான் சொல்.

ஒரு துணுக்கு: அந்தச் சௌராஷ்டிர மாநிலத்தின் முதல் முதலமைச்சர் யு.என். தேபரும் நாகர்தான். 1955 ஆவடி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். பெயரைத் தேவர் என்று படித்துவிடாதீர்கள்.

நேர்மறை: அப்படியானால் மன்கட் என்றால் நாகர் பிராமணர் என்று முடிவு கட்டலாமா?

கூடாது. குஜராத்தி நாவலாசிரியர் முகம்மத் மன்கட் போட்டாத் அருகே பாளியாத்தில் 1928-இல் பிறந்த முஸ்லிம். குஜராத்தில் ஒரே அடக் பல சாதிகளிலும் மதங்களிலும் வருவது சாதாரணம். மேத்தா, தேசாய், பட்டேல் எல்லாம் அப்படித்தான். பட்டேலில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. பதவிப்பெயர் பரவலாக இருப்பது புரிகிறது, பட்டப்பெயரும் அப்படியா என்றால், ஆம், ஒரே பட்டப்பெயர் இரண்டு ஊரில் தனித்தனியாக ஒட்டிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அடக் ஒரு துப்பு மட்டுமே. கூடவே நியாத் (சாதிக்கிளை), கோத்திரம், வதன் மூன்றும் பொருந்தினால்தான் ஒரே குடும்பம் என்று யோசிக்கவே தொடங்கலாம். அடக் வேறு, கோத்திரம் வேறு. ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்காதீர்கள்.

பழையஏடு: பதிவேடுகளில் தேடும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முதலில் பள்ளிச் சான்றிதழ். குஜராத்தின் பழைய பள்ளிப் பதிவேடுகளில் குடும்பப்பெயர் முதலில், பிறகு சொந்தப் பெயர், பிறகு அப்பா பெயர். ஆகவே மூல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட் அங்கே மன்கட் மூல்வந்த்ராய் ஹிம்மத்லால் ஆகிவிடுவார். ஒரு சான்றிதழிலேயே இரண்டு தலைமுறை கிடைத்துவிட்டது. அப்பாவின் சான்றிதழில் தாத்தா. இப்படியே மூன்று காகிதத்தில் நான்கு தலைமுறை ஏறலாம். பிறந்த இடத்தில் 1948-க்கும் 1956-க்கும் இடையே ‘சௌராஷ்டிரா’ என்றும், அதற்குப் பின் 1960 வரை ‘பம்பாய் மாநிலம்’ என்றும் இருந்தால் பயப்பட வேண்டாம். அதே ஊர்தான், மாநிலம்தான் மாறியது.

திருமணமான பெண்களின் பதிவில் அடக் மட்டுமல்ல, நடுப்பெயரும் மாறும்: அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வரும். பலரும் வழி தவறுவது இங்கேதான். பாட்டியின் பிறந்தவீட்டைத் தேட வேண்டுமென்றால் கல்யாணத்துக்கு முந்தைய காகிதம் வேண்டும்.

காகிதம் தீர்ந்ததும் தீர்த்தப் புரோகிதர்கள். ஹரித்வார் பண்டாக்களின் ஏடுகள் ஊர், சாதி வாரியாகப் பிரித்தவை. குடும்பத்தினர் வந்துபோனபோது சொன்ன பெயர்கள் அதில் இருக்கும். தாய்க்குச் சிராத்தம் செய்யும் தலம் சித்பூர், பாட்டண் மாவட்டத்தில் இருக்கிறது. குஜராத்திகளுக்கு அதுவும் முக்கியம். போகும்போது வதன், நியாத், அடக், தாத்தா பெயர் நான்கையும் எழுதிக் கொண்டுபோங்கள். அடக் மட்டும் சொன்னால் எந்த ஏட்டைப் பிரிப்பது என்று அவருக்கே தெரியாது. பட்டேல், ராஜபுத்திரர் போன்றவர்களுக்கு ‘வஹிவஞ்சா பாரோட்’ என்ற வம்சாவளி வாசிப்பவர்கள் தனியாக உண்டு.

கணினியில் தேடினால் குஜராத்தி எழுத்தில் இருமுறை தேடுங்கள்: மூக்கொலிப் புள்ளியோடு ஒருமுறை, புள்ளி இல்லாமல் ஒருமுறை. பதிவு செய்பவர் அந்தப் புள்ளியை விட்டுவிடுவது வாடிக்கை.

பவுண்டரிலைன்: சரியான உச்சரிப்பு?

முதல் எழுத்து நெடில், மூக்கில் வரும். கடைசி ‘ட்’ மெல்லியது, ‘படம்’ என்பதில் வருகிற ஒலி. ‘மாங்கட்’ கிட்டத்தட்ட சரி. பத்திரிகைகள் மன்கட் என்றே பழகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

மலபார்மெயில்: ஒளிப்பதிவாளர் மங்கட ரவிவர்மா இவர்களுக்கு உறவா?

இல்லை. மங்கட என்பது கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்து ஊர். ஆங்கில எழுத்துகளில் கடைசியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் தேடலில் இரண்டும் கலந்து வரும். மராத்தியின் மான்கர் என்ற பெயரும் அப்படித்தான். மூன்றுக்கும் தொடர்பில்லை.

வைகைக்கரை: மதுரை சௌராஷ்டிரர்களிடம் மன்கட் என்ற வீட்டுப்பெயர் இருக்க வாய்ப்பு உண்டா?

எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் தெற்கே வந்தது பல நூற்றாண்டுகளுக்கு முன்பு. அவர்களின் வீட்டுப்பெயர்கள் தெலுங்கு, கன்னட நாடுகளில் தங்கிவந்த வழியிலும் இங்கேயும் உருவானவை. டி.எம். சௌந்தரராஜனின் ‘டி’ தொகுளுவ என்ற குடும்பப்பெயர். இன்றைய குஜராத்தி அடக் பட்டியலில் வைத்துப் பார்த்தால் அது பொருந்தாது. ஊர்ப் பெயர் ஒன்று என்பதால் குடும்பப்பெயரும் ஒன்றாக இருக்காது.

சும்மாகேட்டேன்: அந்த அவுட்டை ‘மன்கட்’ என்பது அந்தக் குடும்பத்துக்கு அவமானம் இல்லையா?

எனக்கும் பிடிக்காது. 1947 டிசம்பரில் சிட்னியில் கிரீஸை விட்டு முன்னே ஓடியவர் பில் பிரவுன். பெயர் கெட்டதோ பந்து போட்டவருக்கு. அந்தச் சுற்றுப்பயணத்திலேயே முந்தைய ஓர் ஆட்டத்தில் மன்கட் பிரவுனை எச்சரித்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசியின் விதிப்புத்தகம் இதை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற 41-ஆம் விதியிலிருந்து எடுத்து, 38-ஆம் விதியான ரன் அவுட்டில் சேர்த்துவிட்டது. ஆக ‘ரன் அவுட்’ என்றாலே போதும்.

சென்னைக்காரர்கள் அந்தப் பெயரை வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கலாம். 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது 108 ரன்னுக்கு 12 விக்கெட் எடுத்தவர் அவர். 1956 ஜனவரியில் இதே ஊரில் நியூசிலாந்துக்கு எதிராக 231 அடித்து, பங்கஜ் ராயுடன் முதல் விக்கெட்டுக்கு 413 சேர்த்தார். அந்த ஜோடியின் சாதனை 2008 வரை நின்றது.