தெம்பு இருக்கும்போதே திரும்பிவிடுங்கள்

டெங்கு போய் 6 வாரமாகியும் 10 நிமிடத்தில் கால் தளர்கிறது, சிங்காநல்லூர் குளக்கரையில் நடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக நடக்கலாம். டெங்குக்குப் பிறகு இப்படி அசதி வாரக்கணக்கில் இழுப்பது உண்டு. ஆனால் தூரத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். 4 நிமிடம் போய், தெம்பு மிச்சமிருக்கும்போதே திரும்புங்கள். களைத்த பிறகு திரும்பினால் வந்த வழியே இரண்டு மடங்காகத் தெரியும். டைபாய்டுக்குப் பிறகு நான் பட்ட பாடு அது. மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். நடுவில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்தபடி உட்கார்ந்திருக்கும், அதைப் பார்க்கிற சாக்கில் நின்றுகொள்ளுங்கள் (எனக்கு அந்தச் சாக்கு இன்றும் தேவைப்படுகிறது). மறுநாள் காலை உடம்பு லேசாக இருந்தால் 2 நிமிடம் கூட்டலாம், இல்லையென்றால் அன்றைக்கு ஓய்வு. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ முதலில் டாக்டர், அப்புறம் குளம்.