பி.டி.எஸ். முடித்த மகள் எபிடெமியாலஜி படிக்கிறேன் என்கிறாள், விடலாமா?

சார், எபிடெமியாலஜி என்பது ஒரு நோய் யாருக்கு, எங்கே, எதனால் வருகிறது என்று மக்களிடையே ஆராயும் படிப்பு. நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி இரண்டு கேள்வி ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. ஐந்து வருடம் பல் மருத்துவம் படித்த பெண் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக் போட்டு உட்காராமல் 'சர்வே எடுக்கிற படிப்பு'க்கு எதற்குப் போக வேண்டும் என்பது ஒன்று. அதையும் அமெரிக்காவில்தான் படிப்பேன் என்கிறாளே, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், தாராளமாகப் படிக்கட்டும். இரண்டாவதற்கு, இப்போது வேண்டாம்.

சர்வே என்று நீங்கள் கொஞ்சம் இளக்காரமாகச் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிதியில் நடந்த 'இண்டியாப்' என்ற சர்க்கரை நோய் ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. நாடு முழுக்க 1.13 லட்சம் பேரைப் பரிசோதித்ததில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், அதாவது சுமார் 10 கோடி பேருக்கு. மாநில வாரியாகப் பார்த்தால் கோவா 26.4, அதற்கு அடுத்து நம் புதுச்சேரி, 26.3. நான்கில் ஒருவருக்கு மேல். இந்த எண் எந்த டாக்டரின் கிளினிக்கிலிருந்தும் வராது, ஏனென்றால் கிளினிக்குக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே சந்தேகப்பட்டு வந்தவர்கள். யார் வீட்டுக் கதவைத் தட்டுவது, வெறும் வயிற்றில் யாரிடம் ரத்தம் எடுப்பது, கதவு திறக்காதவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று யாரோ உட்கார்ந்து யோசித்ததால் வந்த எண் அது. அதைப் பார்த்ததும் ஒரு எபிடெமியாலஜிஸ்ட் அடுத்த கேள்வியையும் கேட்பார்: புதுச்சேரியில் மூன்றில் இரண்டு பங்கு நகரத்து மக்கள், கிராமமே அதிகமாக இருக்கிற, இளவயதினர் நிறைந்த ஒரு வட மாநிலத்தோடு இதை நேராக ஒப்பிடலாமா, வயதையும் இடத்தையும் சரிசெய்த பிறகு வித்தியாசம் எவ்வளவு மிஞ்சும்? உங்கள் மகள் படிக்கப் போவது இந்தக் கேள்வியைத்தான்.

உங்கள் மகள் விரும்புகிற தொற்றா நோய்ப் பக்கம் இது இன்னும் சிக்கல். காலராவுக்கு ஒரு கிருமி உண்டு, சில நாளில் ஆள் படுத்துவிடுவார், குடித்த தண்ணீரைத் தேடிப் போகலாம். மாரடைப்புக்கு இருபது முப்பது வருட முன்கதை இருக்கிறது, காரணமும் ஒன்றல்ல. ஓர் உதாரணம். திருப்பாப்புலியூரில் டீக்கடை டீக்கடையாகப் போய், டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று இரண்டே கேள்வி கேட்டு எழுதி வாருங்கள். நோய் உள்ளவர்கள்தான் குறைவாகச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறார்கள் என்று முடிவு வரும். அப்படியானால் சர்க்கரை சாப்பிடுவது அந்த நோயைத் தடுக்கிறது என்று அர்த்தமா? இல்லை, நோய் தெரிந்த அன்றைக்கு டாக்டர் சொல்லி நிறுத்தியிருப்பார்கள். எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியாமல் ஒரே நாளில் இரண்டையும் கேட்டால் இந்தக் குழிதான். அதனால்தான் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948-ல் 5,209 பேரைச் சேர்த்து, பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து போனார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை எல்லாம் இதய நோயை முன்கூட்டியே காட்டும் என்பது அப்படித்தான் உறுதிப்பட்டது. அதேபோல, ஓர் ஊரில் சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கை கூடினால் அது கெட்ட செய்தி என்றும் சட்டென்று சொல்லிவிட முடியாது. நல்ல மருந்து கிடைத்து அவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தாலும் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

இப்போது படிப்பு. பட்டத்தின் பெயரிலேயே 'நாட்பட்ட நோய் எபிடெமியாலஜி' என்று இருக்க வேண்டும் என்று உங்கள் மகள் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரில் ஒரு துறையே இருக்கிறது, அனேகமாக அதைப் பார்த்திருப்பாள். பெயரை விட்டுவிடச் சொல்லுங்கள். முதுகலை மட்டத்தில் வேண்டியது எபிடெமியாலஜி அடிப்படையும் புள்ளியியலும், எந்த நோய் என்பது ஆய்வேட்டுத் தலைப்பில் வந்துவிடும். காசநோய் ஆய்வில் கோஹார்ட்டை, அதாவது வருடக்கணக்கில் பின்தொடரும் ஒரு குழுவை, ஒழுங்காகக் கையாளக் கற்றவர் ரத்த அழுத்தத்துக்கும் அதைச் செய்வார்.

உங்களுக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே எம்.பி.எச்., அதாவது பொது சுகாதார முதுகலை, உண்டு, பல் மருத்துவர்களும் விண்ணப்பிக்கலாம். சென்னை அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய எபிடெமியாலஜி நிறுவனம், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், இவை மூன்றையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். தகுதியும் தேதியும் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துத்தான், பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதை வைத்து அல்ல. புதுச்சேரியிலேயே இருக்கிற வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டரையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது கொசு, பூச்சி வழியாகப் பரவும் நோய்கள் பக்கம், அருமையான இடம், இவளுக்கு அல்ல. தனியார் கல்லூரி எதையாவது பார்த்தால், போன இரண்டு பேட்ச் இப்போது எங்கே வேலை பார்க்கிறது, ஆய்வேட்டுக்குச் சொந்தமாகத் தரவு சேகரிக்க விடுவார்களா என்று கேளுங்கள். பதிலுக்குக் கட்டடத்தையும் ஹாஸ்டலையும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கணக்கு ஒரு பயம்தான். பல் மருத்துவத்தில் புள்ளியியலைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பார்கள், இங்கே அதோடு குடித்தனம் நடத்த வேண்டும். கட்டணம் கட்டுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கட்டும்: அயப்பாக்கம் நிறுவனமே ஸ்வயம்-என்பிடெல் என்ற அரசு ஆன்லைன் தளம் வழியாக மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைகள் பற்றி இலவசமாக ஆன்லைன் வகுப்பு நடத்தியிருக்கிறது, புள்ளியியலுக்கான 'ஆர்' மென்பொருளும் இலவசம். இரண்டு மாதம் இரவில் உட்கார்ந்து செய்து பார்த்து, அதன் பிறகும் பிடித்திருக்கிறது என்றால் சரி. இல்லை என்று தெரிந்தாலும் லாபம்தான்.

வேலை பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். தேசிய சுகாதார இயக்கம், ஐ.சி.எம்.ஆர். திட்டங்கள், மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வுத் திட்டங்கள், எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். அரசு வேலை, பென்ஷன் என்று கணக்குப் போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் பதவிக்கு எம்.பி.எச்.சை எம்.டி.க்குச் சமமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சென்னை, பெங்களூரில் மருந்து ஆய்வு நிறுவனங்களில் நோயாளித் தரவை அலசும் வேலைகளுக்குச் சம்பளம் பரவாயில்லை, ஆனால் அங்கே பட்டத்தைவிட ஆர், சாஸ் போன்ற புள்ளியியல் மென்பொருள் தெரிந்த கைக்குத்தான் மரியாதை.

ஆனால் உங்கள் மகளிடம் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது, அதை அவளே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் பரிசோதனை உண்டு. வாயைத் திறந்து பார்த்து, புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு எது, வெறும் வெற்றிலைக் கறை எது என்று பிரித்துச் சொல்ல, எம்.பி.எச். வகுப்பில் கூட உட்காரும் எத்தனை பேருக்குத் தெரியும்? புகையிலை, பாக்கு, வாய்ப் புற்றுநோய் என்று போனால், அந்த ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட வீண் இல்லை. கடலூர் துறைமுகத்து மீனவர்களிடம் புகையிலைப் பழக்கம் பற்றி ஆய்வேடு செய்கிறேன் என்று நேர்காணலில் சொன்னால், உலக சுகாதாரத்துக்குச் சேவை செய்ய ஆசை என்று சொல்கிறவர்களைவிட நிச்சயம் அவளைக் கவனிப்பார்கள்.

அமெரிக்கா ஏன் இப்போது வேண்டாம்? முதல் காரணம் கடன்தான். 2025-ல் அங்கே பொது சுகாதாரத் துறையிலும் ஆராய்ச்சி நிதியிலும் பெரிய வெட்டு விழுந்திருக்கிறது, அந்த வேலையை நம்பி வீட்டை அடகு வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. இரண்டாவது, உதவித்தொகைகள் அனுபவம் கேட்கின்றன. அமெரிக்கப் படிப்புக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கு மூன்று வருடம், பிரிட்டனின் செவனிங்குக்கு இரண்டு வருடம். ஒரு வருடம் ஏதாவது ஓர் ஆய்வுத் திட்டத்தில் கள வேலை, பிறகு இங்கேயே எம்.பி.எச்., பிறகு வேலை பார்த்துக்கொண்டே விண்ணப்பம் என்று போனால், கடன் இல்லாமலே அந்தக் கதவு திறக்க வாய்ப்பு இருக்கிறது. மீறிப் போயே தீருவேன் என்றால், மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் குறியீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எபிடெமியாலஜியின் 26.1309 'ஸ்டெம்' எனப்படும் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் இருக்கிறது, படித்து முடித்ததும் வேலை பார்க்கிற ஒரு வருட அனுமதியை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கக் கேட்கலாம். பொது சுகாதாரம் என்ற பொதுக் குறியீடான 51.2201 அதில் இல்லை. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு படிப்பில் இந்த ஒரு எண்ணால் இரண்டு வருடம் போய்விடும்.

சம்பந்தம் பேசுகிறவர்களிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பல் டாக்டர் என்றே சொல்லுங்கள், அது பொய் இல்லையே. அதனால்தான் சொல்கிறேன், எந்தப் படிப்புக்குப் போனாலும் பல் மருத்துவக் கவுன்சில் பதிவை அவள் புதுப்பித்துக்கொண்டே வரட்டும். சனி ஞாயிறில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்தால் கைச்செலவுக்கும் ஆகும், கையும் மறக்காது. அடுத்த முறை கேள்வியை அவளையே எழுதச் சொல்லுங்கள் சார், ஆய்வேட்டுக்கு எந்த நோய், எந்த ஊர், எத்தனை பேர் என்று மூன்றே வரி போதும், எந்த நிறுவனத்துக்கு முதலில் விண்ணப்பிப்பது என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.