அப்பாவின் பிளேயரில் ‘பேசும் ஆப்’ போட 6,000 ரூபாயா?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. டச் போன் அவருக்குச் சரிப்படவில்லை. பட்டன் வைத்த சான்டிஸ்க் கிளிப் பிளேயரில் கதைகள் ஏற்றிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் மெனு பேசாததால் புத்தகம் மாற்ற யாராவது பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. ‘ஸ்பெஷல் ஆப் போட்டால் மெனு பேசும், டெய்சி (பார்வையில்லாதவர்களுக்கான மின்நூல் வடிவம்) புத்தகமும் ஓடும்’ என்று ஒரு கடைக்காரர் 6,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். அவர் போடப்போவது அநேகமாக ராக்பாக்ஸ் என்ற மென்பொருள். 2001 கடைசியில் சுவீடனில் சில புரோகிராமர்கள், வாங்கிய பிளேயரோடு வந்த மென்பொருள் பிடிக்காமல் தாங்களே எழுத ஆரம்பித்தது அது. அதைப் பயன்படுத்துகிறவர்களே வளர்த்தார்கள், மெனுவைப் பேசவும் வைத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இலவசம். உட்கார்ந்து போட்டுக் கொடுக்கிறவர் தன் நேரத்துக்குக் கூலி கேட்டால் நியாயம், அரை மணி நேர வேலைக்கு 6,000 என்பது பார்வையில்லாதவர் வீட்டு அவசரத்தைக் காசாக்குவது.

பணத்தை விடுங்கள், அதைவிட முக்கியமாக உங்களிடம் இருப்பது எந்த கிளிப் என்று பாருங்கள். முதலில் வந்த கிளிப், கிளிப் பிளஸ், கிளிப் ஜிப் இவற்றில்தான் ராக்பாக்ஸ் ஓடும். பின்னால் வந்த கிளிப் ஜாமிலும் கிளிப் ஸ்போர்ட்டிலும் ஓடாது. உள்ளே இருக்கிற சிப்பே வேறு, யார் எவ்வளவு கேட்டாலும் ஓடாது. ஒருவர் என் மேசையில் ஒரு கிளிப் ஜாமை வைத்து, “பணம் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது, நாளைக்கு நாளைக்கு என்கிறார்கள்” என்றார். பெட்டியின் மேலேயே ஜாம் என்று அச்சடித்திருந்தது, அவரால் அதைப் படிக்க முடியாது என்பது விற்றவருக்குத் தெரியும். கணினியில் ராக்பாக்ஸ் யூட்டிலிட்டி என்ற இலவச நிரலை இறக்கி, பிளேயரைச் செருகி, அதையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சரியான மாடல் என்றால் ராக்பாக்ஸை அதுவே ஏற்றிவிடும், சான்டிஸ்கின் அசல் மென்பொருள் கோப்பை மட்டும் நீங்கள் இறக்கிக் கொடுக்க வேண்டும். குரல் கோப்பையும் சேர்த்து ஏற்ற மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் மெனு ஊமைதான்.

டெய்சி விஷயத்தில் கடைக்காரர் சொன்னது தப்பு. ராக்பாக்ஸுக்கு டெய்சி புரியாது. டெய்சி ஃபோல்டருக்குள் எம்பி3 இருந்தால் அதைப் பாட்டுப்போல வரிசையாக ஓட்டும், அத்தியாயம், பக்கம் என்று தாவ முடியாது. ஆனால் பார்வையில்லாதவர்களுக்கான இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவில் கிடைக்கும் பல நூல்களில் ஒலியே கிடையாது, வெறும் எழுத்து. ராக்பாக்ஸ் எழுத்தைப் படித்துச் சொல்லாது. மெனுவில் கேட்கிற குரல் முன்கூட்டியே பதிவு செய்து வைத்தது, அந்த நேரத்தில் உருவாவதில்லை. அதனால் அப்படிப்பட்ட நூலைக் கணினியில் ஒலியாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். உண்மையான டெய்சி வேண்டுமென்றால் விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் மாதிரித் தனிக் கருவிதான் வழி. அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது, போதாததற்கு வெளியார் எழுதிய மென்பொருள் எதையும் உள்ளே விடாது. புத்தகம் கேட்க ஒரு பெட்டி, அதற்கு இத்தனை விலையும் இத்தனை பூட்டும் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டர்களையும் ராக்பாக்ஸ் தானாகச் சொல்லாது, ஆங்கில எழுத்தைத்தான் எழுத்துக்கூட்டும். யூட்டிலிட்டியிலேயே பெயர்களுக்குக் குரல் துணுக்கு உருவாக்கலாம், எழுத்தைக் குரலாக்கும் இஸ்பீக் என்ற இலவச மென்பொருளில் தமிழ்க் குரலும் உண்டு. அது சிரமமென்றால் ஃபோல்டர் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கமாக வைத்துவிடுங்கள்.

அப்புறம், ‘கூடுதல் ஆப்’ என்று யாராவது .ராக் கோப்பு அனுப்பினால் ஏற்ற வேண்டாம். மாடலும் பதிப்பும் பொருந்தாவிட்டால் திறக்காது. திறந்தாலும் பெரும்பாலானவை திரையில்தான் காட்டும், பேசாது. அப்பாவுக்குத் தேவையானதெல்லாம் உள்ளேயே இருக்கிறது. நிறுத்திய இடத்தை நினைவில் வைக்க புக்மார்க்கை ஆன் செய்யுங்கள். குரல் கீச்சென்று ஆகாமல் வேகமாகக் கேட்க டைம்ஸ்ட்ரெட்ச் உண்டு, ஆன் செய்தபின் ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் வேலை செய்யும்.

மெமரி கார்டு 32 ஜிபி போதும். 64 ஜிபி கார்டு பொதுவாக எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வரும், அதை ஃபேட்32 ஆக மாற்றாவிட்டால் கார்டே தெரியாமல் போகலாம், நீங்கள் கருவியைத்தான் குறை சொல்வீர்கள். கிளிப் பிளஸ் இப்போது தயாரிப்பில் இல்லை. ‘புத்தம் புது சரக்கு’ என்று விற்றால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பழைய மென்பொருள் அழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இடது பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் அது அப்படியே வரும். அப்பாவின் விரலைப் பிடித்து அந்தப் பட்டனை ஒருமுறை தொட்டுக் காட்டிவிடுங்கள், திடீரென்று மெனு பேசாமல் போனால் அதைத் தெரியாமல் அழுத்தியிருப்பார், அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.