அபராதம் போட்டால் நேரத்துக்கு வருவார்களா?

கேள்வி: குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். மாலை ஆறு மணிக்கு மூட வேண்டும். நாலைந்து பெற்றோர் தினமும் ஆறரைக்குத்தான் வருகிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தாமதமானால் 50 ரூபாய் அபராதம் என்று எழுதி ஒட்டிவிடலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: தயவுசெய்து ஒட்டாதீர்கள், அம்மா. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிக்கினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வு அது. பத்துக் காப்பகங்களில் ஆறில் மட்டும், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கேல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதமாக வருவோர் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது! அதுவரை ஆசிரியையின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு ஓடி வந்தவர்கள், காசு கட்டத் தொடங்கியதும் கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக வந்தார்கள். அபராதத்தை ரத்து செய்த பிறகும் தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. என்னை அதிகம் கவலைப்படுத்துவது இந்தக் கடைசிச் செய்திதான். போன கூச்சம் திரும்பி வரவில்லை.

உங்கள் ஆயா எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெற்றோருக்குத் தெரியுமா? அதை விட்டால் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருவார் என்பது தெரியுமா? பலகையில் எழுதாமல், குழந்தையைக் கையில் கொடுக்கும்போது ஆயாவே சொல்லட்டும். வேலை நேரம் உண்மையிலேயே ஒத்துவராதவர்களுக்கு, ஏழு மணி வரை பார்த்துக்கொள்ளத் தனி மாதக் கட்டணம் வையுங்கள். அதில் ஆயாவுக்கும் பங்கு கொடுங்கள்.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பை கொண்டுவந்தால் 2 ரூபாய் தள்ளுபடி என்று எழுதி வைத்தும் பலர் வெறுங்கையோடு வருகிறார்கள். காகிதப் பைச் செலவு கட்டுப்படியாகவில்லை.
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தள்ளுபடியை எடுத்துவிட்டுப் பைக்கு 2 ரூபாய் வாங்குங்கள். கணக்கு நோட்டில் இரண்டும் ஒன்றுதான். மனத்துக்கு அப்படி இல்லை. வரவேண்டியது வராமல் போவதைவிட, கையிலிருந்து போவது அதிகம் உறுத்தும். உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதியது இது. அமெரிக்காவின் வாஷிங்டன் வட்டாரக் கடைகளில் பொருளியலாளர் தாட்யானா ஹோமனாஃப் இதை நேரில் பார்த்து எழுதினார். சொந்தப் பைக்கு 5 சென்ட் தள்ளுபடி கொடுத்ததில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. கடைப் பைக்கு 5 சென்ட் வரி வந்ததும் அதை வாங்குவோர் பாதியாகக் குறைந்தார்கள். நம் நீலகிரியிலும் 2022-ல் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறதே!

கோவை வாசகிக்கு வேண்டாம் என்றதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? அங்கே, காத்திருக்கும் ஒரு பெண்ணின் முன் கூச்சம் என்று ஒன்று இருந்தது. காசு அதைக் கரைத்துவிடும். காகிதப் பை கேட்க யாரும் கூசுவதில்லை.

கேள்வி: அப்பா மூன்று ஏக்கரில் கரும்பு வைத்திருக்கிறார். ஆலைப் பணம் வந்தபின் எதையும் நிதானமாகச் செய்கிறவர், வெட்டுக்கு முந்தைய மாதங்களில் வட்டியைக்கூடக் கேட்காமல் கடன் வாங்குகிறார். ஆயுள் காப்பீட்டு பிரீமியம் கட்ட மறக்கிறார். வயதாகிப் புத்தி மங்குகிறதா?
- ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் மாவட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளை, வெட்டுக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் குழு சோதித்தது. 2013-ல் சயின்ஸ் இதழில் வந்தது. ஒரு சோதனை இப்படி: தாளில் 5 5 5 என்று இருக்கும். எத்தனை எண்கள் என்று கேட்பார்கள். 'மூன்று' என்று சொல்ல வேண்டும். வாயோ 'ஐந்து' என்று முந்தும். நாக்கைப் பிடித்து நிறுத்த மனத்தில் இடம் வேண்டும். பணம் வந்தபின் அதே விவசாயிகள் வேகமாகவும் பிழை குறைவாகவும் சொன்னார்கள்.

பருவம் மாறியதால் இருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆலை எல்லோருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு தருவதில்லை. ஒரே மாதத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும், அடுத்த வயல்காரர் காத்திருப்பார். அதனால் பருவத்தின் மேல் பழி போட முடியாது.

வெட்டுக்கு முன் அவர்களில் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னால் அது 4 சதவீதம். வங்கியில் நகைக்கடன் கவுன்ட்டரில் இருந்த எனக்கு இது கண்ணால் பார்த்த உண்மை. மனைவியின் கம்மலைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு, படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். மீட்க வரும்போது அதே மனிதர் பைசா பைசாவாக வட்டிக் கணக்குக் கேட்பார். அவர்களை விவரமில்லாதவர்கள் என்று சக ஊழியர்கள் பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

ஆகவே அப்பாவைத் திருத்த முயலாதீர்கள். முடிவெடுக்கும் மாதத்தை மாற்றுங்கள். கென்யாவின் மேற்குப் பகுதியில் நடந்த ஓர் ஆய்வில், அறுவடைப் பணம் கையில் இருக்கும்போதே உரத்துக்குப் பணம் கட்டினால் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். உரம் போடுவோர் கணிசமாகக் கூடினார்கள். நீங்களும் ஆலைப் பணம் வந்த வாரத்திலேயே உரத்தை வாங்கிவிடுங்கள். பிரீமியத்தைக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள வங்கியில் எழுதிக் கொடுங்கள். வெட்டுக்கு முன் கடன் தவிர்க்க முடியாவிட்டால், கையெழுத்துப் போடும் இடத்துக்கு நீங்களும் போய், வட்டி எவ்வளவு என்று நீங்களே கேளுங்கள். பணம் இருக்கும் மாதங்களிலும் மறதி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.