பேனல் கப்பலேறும் முன் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சூரிய மின்சாரம், காற்றாலை இவற்றை ஏற்றுமதித் தொழிலாக வளர்க்க நினைக்கும் நாடு முதலில் எதில் பணம் போட வேண்டும்? பெரிய தொழிற்சாலையிலா?

பதில்: சோதனை நிலையத்தில். 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட டென்மார்க், 1978-இல் தன் தேசிய ஆய்வகமான ரீசோவில் காற்றாலைச் சோதனை நிலையம் அமைத்தது. அடுத்த ஆண்டே காற்றாலை வாங்குவோருக்கு 30 சதவீத மானியம் அறிவித்தது. ஆனால் ரீசோ ஒப்புதல் பெற்ற இயந்திரத்துக்கு மட்டும். புயலில் பிரேக் கைவிட்டால் காற்றாலை தறிகெட்டுச் சுழன்று இறக்கை பிய்த்துக்கொண்டு போகும். அதனால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று நிறுத்தும்படி தனித்தனியாக இரண்டு பிரேக் அமைப்புகள் இருக்க வேண்டும் என்று ரீசோ கேட்டது. கலிஃபோர்னியாவில் வரிச்சலுகையால் சந்தை திறந்தபோது, சொந்த ஊர்க் காற்றில் தேறிய டேனிஷ் இயந்திரங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போய் நின்றன.

அதே கதையின் மறுபாதியையும் மறக்க வேண்டாம். 1985 இறுதியில் அமெரிக்க மத்திய அரசின் சலுகை முடிந்ததும், 1986-இல் டேனிஷ் காற்றாலை நிறுவனமான வெஸ்டாஸ் கடனைக் கட்ட முடியாமல் விழுந்து, பிறகு புதிதாக எழ வேண்டியிருந்தது. ஒரே நாட்டின் மானியத்தை நம்பி ஆலையை விரிப்பது ஆபத்து.

கேள்வி: எங்கள் பேனலுக்கு ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரப்படி சான்றிதழ் இருக்கிறது. ஆனாலும் வெளிநாட்டு வாங்குநர் முழுப் பாகப் பட்டியலைக் கேட்கிறார். ஏன்?

பதில்: அவர் கேட்பது நியாயம். சான்றிதழ் உங்கள் பெயர்ப்பலகைக்குக் கொடுத்தது அல்ல. சோதனைக்குப் போன பேனலில் இருந்த பாகங்களுக்குக் கொடுத்தது. செல், கண்ணாடி, செல்லைப் பொதிந்து ஒட்டும் ஈ.வி.ஏ. பிளாஸ்டிக் ஷீட், பின்புறம் மூடும் பேக்‌ஷீட், செல்களை இணைக்கும் ரிப்பன், ஒயர் வெளிவரும் ஜங்ஷன் பாக்ஸ் எல்லாம் எந்தத் தயாரிப்பு, எந்த மாடல் என்பது அதில் பதிவாகியிருக்கும். ஐ.இ.சி. 61215 சோதனையில் அந்தக் கூட்டணிதான் மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை 200 சுற்று தாங்கியது. 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் கிடந்தது. ஒரு பாகத்தை மாற்றினால் எந்தெந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதை ஐ.இ.சி. டி.எஸ். 62915 சொல்கிறது.

நடைமுறையில் சறுக்குவது பெரும்பாலும் ஈ.வி.ஏ.வில்தான். சரக்குக்குத் தட்டுப்பாடு வந்ததும் கொள்முதல் பிரிவு வேறு தயாரிப்பை வாங்கிவிடும். அடுக்குகளைச் சூட்டில் ஒட்டும் லேமினேட்டரில் வெப்பமும் நேரமும் பழைய ஷீட்டுக்கு வைத்தபடியே ஓடும். ஷீட்டின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சரியாகப் பிணையாமல் போனால், வெயிலில் நாளடைவில் குமிழியும் பிரிவும் வரும். அந்த வழியே ஈரம் நுழையும். ஈ.வி.ஏ. சிதைந்து அசிட்டிக் அமிலம் உண்டாகி, செல்லின் வெள்ளிக் கோடுகளை அரிக்கும்.

இதைப் பிடிக்கும் சோதனை எளிது. வெந்த ஷீட்டிலிருந்து சின்னத் துண்டை நறுக்கி, எடை போட்டு, கம்பிவலைப் பையில் கட்டி, புகைபோக்கி உள்ள அறையில் சைலீன் என்ற கரைப்பானில் கொதிக்க விடுங்கள். பிணையாத பகுதி கரைந்துவிடும். மிஞ்சியதை உலர்த்தி மறுபடி எடை போட்டால் வரும் சதவீதமே ஜெல் அளவு. வழக்கமாக 75 முதல் 85 வரை எதிர்பார்க்கலாம். ஷீட் தயாரிப்பாளர் வேறு எல்லை தந்திருந்தால் அதையே பிடியுங்கள். மாதிரியை நடுவில் மட்டும் எடுத்து நிறுத்தாதீர்கள். லேமினேட்டர் தட்டின் நான்கு மூலைகளிலும் எடுங்கள். சூடு குறைவது அங்கேதான்.

கேள்வி: ஆலையில் ஃபிளாஷ் டெஸ்டில் (கண நேரம் ஒளி பாய்ச்சித் திறனை அளக்கும் சோதனை) முழு வாட் காட்டிய பேனல், வாங்குநரிடம் சில மாதங்களில் குறைகிறது. பொறுப்பு யாருடையது?

பதில்: ஆலையை விட்டுக் கிளம்பும்போது எடுத்த ஈ.எல். (எலக்ட்ரோலூமினசென்ஸ்) படம் இல்லையென்றால் யாராலும் சொல்ல முடியாது. இருட்டில் பேனலுக்கு மின்னோட்டம் கொடுத்தால் செல்கள் அகச்சிவப்பில் ஒளிரும். விரிசல் கறுப்புக் கோடாகக் கேமராவில் விழும். புதிதாக விழுந்த நுண்விரிசல் உடனே வாட்டைக் குறைக்காது, ஏனெனில் பிளந்த துண்டு வெள்ளிக் கோடுகளால் இன்னும் இணைந்திருக்கும். பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி இழுத்து அந்தக் கோடு அறும்போதுதான் இழப்பு தெரியும். ஃபிளாஷ் டெஸ்ட் மட்டும் போதாது என்பது இதனால்தான்.

ஒவ்வொரு பேனலின் படத்தையும் வரிசை எண்ணோடு சேமியுங்கள். இறங்கும் துறைமுகத்தில் சில மாதிரிகளை மறுபடி எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். 40 அடி நீளமுள்ள ஹை கியூப் (கூடுதல் உயரக்) கன்டெய்னரில், 2.28 மீட்டர் நீளப் பேனல் என்றால், பேலட்டுக்கு 31 வீதம் 20 பேலட், ஆக 620 ஏறும். பேலட்டுகளுக்கு இடையே விட்ட இடைவெளியைக் காற்றுப் பைகளால் அடையுங்கள். ஃபோர்க்லிஃப்ட்டின் கரம் பேலட்டின் ஆழத்துக்குப் போதாமல் இருந்தால், தூக்கும்போது சட்டகம் வளைந்து செல் பிளக்கும்.

கேள்வி: லித்தியம் பேட்டரி பேக் மாதிரியை விமானத்தில் அனுப்ப மறுக்கிறார்கள்.

பதில்: லித்தியம் பேட்டரிப் போக்குவரத்துக்கு ஐ.நா. வகுத்த யூ.என். 38.3 பாதுகாப்புச் சோதனையின் சுருக்கம் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லித்தியம் அயான் பேட்டரி தனியாகப் போனால் அதன் அபாயச் சரக்கு எண் யூ.என். 3480, கருவியோடு போனால் யூ.என். 3481. தனியாகப் போவது சரக்கு விமானத்தில் மட்டுமே, அதுவும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் போகாமல். இடையில் பேட்டரியின் பாதுகாப்பு மின்சுற்றிலுள்ள மென்பொருளை மாற்றியிருந்தால்கூடப் பழைய சோதனை செல்லாமல் போகலாம். பலர் தவறவிடுவது இதைத்தான்.

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி சோலார் பேனலுக்கும் உண்டா?

பதில்: பேனலுக்கு இல்லை. ஆனால் அதைத் தாங்கும் அலுமினிய, எஃகுக் கட்டமைப்பைத் தனிச் சரக்காக அனுப்பினால் உண்டு. காற்றாலையின் எஃகுக் கோபுரமும் அதில் அடங்கும். 2023 அக்டோபரில் உமிழ்வு அறிக்கை தருவதோடு மட்டும் தொடங்கிய இந்த ஏற்பாடு, 2026 ஜனவரி 1 முதல் கட்டணத்தோடு நடக்கிறது. கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர். தயாரிப்பில் வெளியான கார்பன் உமிழ்வுக்குக் கணக்குத் தர வேண்டியவர் நீங்கள். உண்மை அளவு தராவிட்டால் நிர்ணய மதிப்பைப் போடுவார்கள், அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். எஃகு வாங்கும் ஆர்டரிலேயே, டன்னுக்கு எவ்வளவு உமிழ்வு, ஊது உலையா மின்வில் உலையா என்ற விவரத்தை எழுத்தில் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிடுங்கள். சரக்கு வந்த பிறகு கேட்டால் உருக்காலை பதில் தராது.