பெயர்க்கல் இருக்கட்டும், வாஷர் யார் மாற்றுவார்கள்?

கேள்வி: அப்பாவின் நினைவாக, ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றுக்குக் கைப்பம்பு போட்டுத்தரப் பணம் அனுப்ப நினைக்கிறேன். பம்பு போடும் தொண்டு நிறுவனம் அப்பா பெயரைக் கல்லில் பொறித்து போட்டோவும் அனுப்புமாம். நம்பிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கொடுங்கள் அம்மா, நல்ல காரியம். ஆனால் போட்டோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். புதுப் பம்பில் முதல் நாள் தண்ணீர் கொட்டத்தான் செய்யும். மூன்றாம் வருஷம், உள்ளே தண்ணீர் கசியாமல் அடைக்கும் வாஷர் தேய்ந்தால் யார் மாற்றுவார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் ஏறக்குறைய நாலில் ஒரு கைப்பம்பு வேலை செய்யாமல் நிற்கிறது. பம்பு நின்றால் பெண்கள் பழையபடி ஊற்றுக்கும் ஆற்றுக்கும்தான் நடக்க வேண்டும்.

கைப்பம்பு பழுது பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். நம் இந்தியா மார்க் 2 பம்பு, 1970-களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, சென்னையில் தயாராகி, கோவைப் பக்கம் சோதிக்கப்பட்டது. உழைப்பில் அதற்கு ஈடில்லை. ஆனால் அடியில் சிலிண்டருக்குள் இருக்கும் வாஷரை மாற்ற, மொத்த இரும்புக் குழாயையும் துண்டு துண்டாகக் கழற்றி மேலே தூக்க வேண்டும். கிளாம்பு வேண்டும், நாலு பேர் தோள்பலம் வேண்டும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் வேண்டும். நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருக்கும் மேற்கு ஆப்பிரிக்க ஊர்களில் இன்னொரு தொல்லை: குழாய் உள்ளே துருப்பிடித்து, காலையில் அடிக்கும் முதல் குடம் செங்காவியாக வரும். அதை யார் குடிப்பார்கள்?

மலாவியில் பரவலாக இருப்பது ஆஃப்ரிடேவ். 1980-களில் அங்கேயும் கென்யாவிலும் உருவான பம்பு. இதில் பிவிசி குழாய் போருக்குள்ளேயே இருக்கும். கைப்பிடியிலிருந்து கீழே இறங்கும் ராடுகளை (கம்பிகளை) மட்டும் இழுத்து ஒவ்வொன்றாகக் கொக்கி கழற்றினால், வாஷர் மாட்டிய பிஸ்டன் கைக்கு வந்துவிடும். ஒரு ஸ்பேனர் போதும். ஊர்ப் பெண்களே செய்துவிடலாம். ஆகவே, நிறுவனத்திடம் இப்படிக் கேளுங்கள்: ஊரில் யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள்? வாஷரும் ராடும் எந்தக் கடையில் கிடைக்கும், அங்கே போக எவ்வளவு தூரம்? ஐந்து வருஷம் முன்பு போட்ட பம்புகளில் இன்று எத்தனை ஓடுகின்றன? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்துக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன்.

புதுமையைக் கண்டும் மயங்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய பிளேபம்ப் நினைவிருக்கிறதா? பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறும் என்றார்கள். 2006-ல் அமெரிக்காவில் பெரிய நிதி அறிவிப்பு. 2010-க்குள் 4,000 பம்புகள் என்று இலக்கு. பிள்ளைகள் விளையாடாத நேரத்தில் வயதான பெண்கள் குனிந்து அந்த இரும்பு வளையத்தைத் தள்ளினார்கள். இலக்கை எட்டாமலே திட்டம் நின்றது. அந்தப் பெண்களிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி: போர் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் அப்படியே குடிக்கலாம்தானே?
– ஒரு மாணவர், காரைக்குடி

பதில்: கூடாது தம்பி. வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீரால் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் இறந்ததால், 1970-களிலிருந்து ஊர் ஊராகக் குழாய்க்கிணறு போட்டார்கள். தெளிந்த தண்ணீர்தான். 1990-களில்தான் அதில் ஆர்செனிக் என்ற விஷம் இருப்பது தெரிந்தது. அப்புறம் லட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்து, விஷம் உள்ளதற்குச் சிவப்பு, இல்லாததற்குப் பச்சை என்று பெயின்ட் அடித்தார்கள். ஆர்செனிக்குக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. திண்டுக்கல் அம்மாவும் இதைக் கவனியுங்கள்: பம்பு மாட்டுவதற்கு முன்பே ஆர்செனிக், ஃப்ளோரைடு சோதித்த அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.